புது சைக்கிளா, பழைய சைக்கிளா? 600 கி.மீ பயணத்துக்கு முன் நான் போட்ட கணக்கும், அதில் விட்ட கோட்டையும்!

பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத கடுப்பில் ஆரம்பித்த யோசனை அது. சென்னையிலிருந்து திருநெல்வேலி, சுமார் 620 கிலோமீட்டர். ஆறு நாள்கள் லீவு போட்டால் சைக்கிளிலேயே போய்விடலாமே!

யோசனை நன்றாகத்தான் இருந்தது. சைக்கிள்தான் இல்லை.

கையில் இருந்தது 26,000 ரூபாய். ஒன்றரை வருட சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. இதற்குள் புது சைக்கிள் வாங்குவதா, யாரோ ஓட்டிய பழைய சைக்கிளை வாங்குவதா? நண்பர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் "புதுசுதான் சேஃப்" என்றார்கள். மீதிப் பேர் "புது சைக்கிளுக்கு எவன்டா அவ்வளவு காசு கொடுப்பான்?" என்றார்கள். அப்பாவிடம் போனில் சொன்னபோது, ஒரே வரியில் முடித்துவிட்டார்: "புதுசோ பழசோ, மொதல்ல வீலைப் பாத்து வாங்குலே."

அப்பா சொன்னதை எவ்வளவு தூரம் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இரண்டு மாதங்கள் கடை கடையாக ஏறி இறங்கியதில் நான் தெரிந்துகொண்டவை இங்கே. நீண்ட தூரப் பயணத்துக்கு சைக்கிள் வாங்க நினைக்கும் யாருக்கும் இது உதவும்.

முதலில், `டூரிங்' சைக்கிள் என்றால் என்ன?

தெருமுனைக் கடைக்குப் போகும் சைக்கிளுக்கும், தினமும் 100 கிலோமீட்டர் வீதம் ஒரு வாரம் ஓட்டும் சைக்கிளுக்கும் தேவைகள் வேறு வேறு. டூரிங் சைக்கிளுக்கு வேகம் முக்கியமில்லை. சுமையோடு, சலிக்காமல், ரிப்பேர் ஆனால் வழியில் சரிசெய்துகொள்ளும்படி இருக்க வேண்டும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கேரியர் பொருத்தும் வசதி. பின் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்திலும், சீட்டுக்குக் கீழேயும் ஃப்ரேமில் சிறிய திருகுத் துளைகள் இருக்க வேண்டும். ரேஸ் வகை சைக்கிள்கள் பலவற்றில் இவை இருக்காது. துணி, தண்ணீர், டூல் என்று 10-12 கிலோ சுமையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆறு நாள்கள் ஓட்டிப்பார்த்தால், அந்தத் துளைகளின் அருமை புரியும்.

இரண்டு, டயர். 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள, அதிகக் கட்டைகள் இல்லாத டயர் நம் நெடுஞ்சாலைக்குச் சரியாக இருக்கும். அதைவிட ஒல்லியாக இருந்தால் சாலையோரக் குழிகளில் அடிவாங்கும். மலைச்சாலை சைக்கிள்களில் வரும் கரடுமுரடான தடி டயர் என்றால், தார் சாலையில் உங்கள் உழைப்பைத் தின்றுவிடும்.

மூன்று, லேசான கியர். முன்னால் 28 பற்கள், பின்னால் 34 பற்கள் என்று வையுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால், சைக்கிள் சுமார் 1.7 மீட்டர்தான் நகரும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டரைத் தாண்டும். சமதளத்தில் அது சுகம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காட்டிலோ, 70 வளைவுகள் உள்ள கொல்லிமலையிலோ இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

நான்கு, சக்கரத்தில் உள்ள ஸ்போக்ஸ். உங்கள் எடையிலும் சுமையிலும் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. 36 அல்லது குறைந்தது 32 ஸ்போக்ஸ் இருந்தால் நல்லது.

இந்த நான்கும் சரியாக இருந்தால், சைக்கிள் புதிதா பழையதா என்பது இரண்டாவது கேள்விதான்.

பழைய சைக்கிளில் உலகத்தைப் பார்த்தவர்கள்

ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மஹானந்தியாவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். டெல்லியில் சந்தித்த ஸ்வீடன் நாட்டுப் பெண் சார்லோட்டைத் தேடி, 1977-ல் அவர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். விமான டிக்கெட்டுக்குக் காசில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் விற்று அவர் வாங்கியது ஒரு பழைய சைக்கிள். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக, இடையிடையே லிஃப்ட் கேட்டு, சில மாதங்களில் ஸ்வீடனைத் தொட்டார். சார்லோட்டைத் திருமணமும் செய்துகொண்டார்.

படித்ததும் எனக்கும் உற்சாகம் வந்தது. `அவரே பழைய சைக்கிளில் கண்டம் தாண்டியிருக்கார். நமக்கு நெல்லை தூரமா?' என்று ஆன்லைன் விளம்பரங்களைத் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் முதல் பாடம் காத்திருந்தது.

14,000 ரூபாய்க்கு ஒரு கீறல்

விளம்பரத்தில் அந்த சைக்கிள் அவ்வளவு அழகாக இருந்தது. அலுமினிய ஃப்ரேம், 18 கியர். `இரண்டு வருடங்கள் மட்டுமே ஓட்டியது, விலை 14,000' என்று போட்டிருந்தார்கள். நேரில் பார்த்தபோது இன்னும் பளபளப்பாக இருந்தது. அட்வான்ஸ் கொடுக்க போனைக்கூட எடுத்துவிட்டேன். ஏதோ தோன்றி, "நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள், பெரம்பூரில் 30 வருடங்களாக சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் கியரையும் பிரேக்கையும் தொடவே இல்லை. ஈரத்துணியால் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் இரண்டு குழாய்களும் சேரும் இடத்தைத் துடைத்தார். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, என் விரல் நகத்தை அந்த இடத்தில் வைத்து மெள்ள இழுத்தார்.

நகம் மாட்டியது. முடி அளவுக்கு ஒரு கோடு.

"பெயின்ட் கீறல்தாங்க" என்றார் விற்பவர். அண்ணன் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதுதான் சொன்னார்: "பெயின்ட் கீறல்னா நகம் வழுக்கிட்டுப் போயிரும் தம்பி. இது உள்ள வரைக்கும் போற விரிசல். இறக்கத்துல வேகமா போறப்ப இந்த இடம் விட்டுச்சுன்னா, ஹேண்டில்பார் தனியா கையில வந்துடும். பின்னாடி லாரி வந்தா?"

அவருக்கு நான் கொடுத்தது 300 ரூபாய். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த செலவு அதுதான். பழைய சைக்கிள் பார்க்கப் போகிறீர்கள் என்றால், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது அழைத்துச் செல்லுங்கள்.

இரும்பா, அலுமினியமா, கார்பனா?

பழைய சைக்கிள் என்றால், ஃப்ரேம் எந்த உலோகம் என்பது புது சைக்கிளைவிட முக்கியமாகிவிடுகிறது.

இரும்பு ஃப்ரேம் கொஞ்சம் கனம். ஆனால், பெரும்பாலும் திடீரென்று உடையாமல், வளைந்தும் நெளிந்தும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். எந்தச் சிற்றூரிலும் ஒரு வெல்டிங் கடைக்காரரால் அதைத் தற்காலிகமாக ஒட்டிக்கொடுக்க முடியும். உலகம் சுற்றும் சைக்கிள் பயணிகள் பலர் இன்னும் இரும்பையே விரும்புவதற்கு இதுதான் காரணம். இதன் எதிரி துரு. குறிப்பாக சென்னை போன்ற கடற்கரை ஊரில், பால்கனியில் நின்ற சைக்கிள் என்றால், சீட்டைக் கழற்றி அந்தக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால், திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டால் களைத்துப்போகும் உலோகம் இது. அந்தக் களைப்பு, குழாய்கள் சேரும் இடங்களில் விரிசலாக வெளிப்படும். வழியில் வெல்டிங் செய்வதும் எளிதல்ல.

கார்பன் ஃப்ரேமில் உள்ளுக்குள் உண்டான சேதம் வெளியே தெரியாமலே இருக்கலாம். முதன்முறை வாங்குபவர்கள் பழைய கார்பன் சைக்கிள் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பழைய சைக்கிளா? 15 நிமிடங்களில் இதையெல்லாம் பாருங்கள்

* ஃப்ரேம்: ஹேண்டில்பாருக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, சீட் குழாய் சேரும் இடம், பின் சக்கர அச்சுக்குப் பக்கம் ஆகிய நான்கு இடங்களையும் துடைத்துப் பாருங்கள். விரிசல், பெயின்ட் சுருக்கம், புதிதாகப் பூசிய பெயின்ட் எது தெரிந்தாலும் வேண்டாம்.

* சீட் குழாய்: மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பல வருடங்கள் அசைக்காமல் விட்டதில் சில சைக்கிள்களில் அது ஒட்டிப்போயிருக்கும். உங்கள் உயரத்துக்கு மாற்றவே முடியாது.

* செயின்: ஒரு ஸ்கேலை எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால், அதிலிருந்து 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், பின்னால் இருக்கும் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

* பல்சக்கரம்: பற்கள் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாக இருந்தால், அதன் ஆயுள் முடிந்தது.

* சக்கரம்: தூக்கிச் சுழற்றுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் பெண்டு தெரிந்துவிடும். ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்துங்கள். சில இறுக்கமாகவும் சில தொளதொளவென்றும் இருந்தால் கவனம். ரிம்மின் பிரேக் படும் பக்கம் குழிந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும்.

* ஆட்டம்: சக்கரத்தைப் பக்கவாட்டில் அசையுங்கள். பெடல் தண்டையும் அப்படியே. `கடக் கடக்' என்றால் பேரிங் வேலை இருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் மாட்டி நின்றால், அங்கேயும் வேலை இருக்கிறது.

* டயர்: நடுப்பகுதி நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தியே வைத்திருந்த சைக்கிளில் இது சகஜம்.

இவற்றில் ஃப்ரேம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மாற்ற ஆகும் செலவை விலையில் பேசிக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பில் எங்கே?

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. பைக், காருக்கு இருப்பதுபோல சைக்கிளுக்கு ஆர்.சி புக் கிடையாது. அதனால்தான் திருட்டு சைக்கிள் எளிதாகக் கைமாறுகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ நேர்மையின்றி வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம்.

சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால், பெடல் அச்சுக்குக் கீழே பெரும்பாலும் ஃப்ரேம் நம்பர் பொறித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஃப்ரேம் நம்பர், விலை, தேதி, இருவர் கையெழுத்து போட்ட ஒரு சின்ன கடிதம் போதும். நம்பரைச் சுரண்டியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

புது சைக்கிளின் பக்கம் என்ன நியாயம்?

நியாயம் நிறையவே இருக்கிறது.

முதல் விஷயம், அளவு. பழையதில் எது விற்பனைக்கு வருகிறதோ, அந்த அளவுதான். `சீட்டைக் கொஞ்சம் ஏத்திக்கலாம்' என்று சமாளித்து வாங்குவோம். கடைக்குப் போய்வர அது பரவாயில்லை. தினமும் ஆறு மணி நேரம் ஓட்டும்போது, அளவு சரியில்லாத சைக்கிள் முழங்காலையும் முதுகையும் கேட்டுவிடும். சைக்கிளின் மேல்குழாய்க்கு இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால், குழாய்க்கும் உங்களுக்கும் இடையே இரண்டு விரல் அளவாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கைகளை நீட்டினால், முழங்கை விறைக்காமல் ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். புதுக் கடையில் S, M, L என்று நிறுத்தி ஏறிப் பார்த்து வாங்கலாம். உயரம் மிகக் குறைவாகவோ அதிகமாகவோ இருப்பவர்களுக்குப் புதியதுதான் பாதுகாப்பான தேர்வு.

அடுத்து, வாரன்டியும் இலவச சர்வீஸும். பெரும்பாலான நிறுவனங்களின் ஃப்ரேம் வாரன்டி, முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். பழைய சைக்கிளோடு அது உங்களுக்கு வராது.

மூன்றாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழைய சைக்கிள் விற்பவர்கள் பலர், தாங்கள் வாங்கிய விலையை வைத்தே கணக்கு சொல்வார்கள். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக வாங்கிய மறுநாளே நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். புது சைக்கிளின் கேபிள்கள் முதல் சில நாள்களில் இளகும். ஸ்போக்ஸ் தளரும். சீட்டும் உங்கள் உடம்பும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். குறைந்தது 200, 300 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டி, முதல் சர்வீஸை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழியில் பார்ட்ஸ் கிடைக்குமா?

புதியதோ பழையதோ, இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கக் கூடாது. சிற்றூர்க் கடைகளில் 26 இஞ்ச் மலைச்சாலை சைக்கிள் டயரும், பழைய தாத்தா சைக்கிளுக்கான 28 இஞ்ச் டயரும் பெரும்பாலும் இருக்கும். ஹைபிரிட், ரோடு சைக்கிள்களுக்கான 700C டயரும் டியூபும் பெரிய ஊர்களில்தான் எளிதாகக் கிடைக்கும். அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ரிம் அளவு 28 இஞ்ச் சைக்கிளுக்கு 635 மில்லிமீட்டர். 700C-க்கு 622. மாற்றிப் போட முடியாது.

காற்றடிக்கும் வால்விலும் சிக்கல் உண்டு. ஒல்லியான பிரெஸ்டா வால்வு உள்ள சைக்கிளுக்கு, பெட்ரோல் பங்க்கில் அப்படியே காற்று பிடிக்க முடியாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். விலை மிகக் குறைவு. ஆனால், பையில் இல்லாதபோதுதான் அதன் மதிப்பு தெரியும். இரண்டு டியூப், பஞ்சர் கிட், கைப்பம்ப் மூன்றும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

26,000 ரூபாயை இப்படித்தான் பிரித்தேன்

சைக்கிள் எதுவானாலும் சில செலவுகள் தப்பாது. கேரியர் 1,200, பக்கவாட்டுப் பைகள் 2,800, முன் பின் லைட் 1,100, ஹெல்மெட் 1,500, பம்ப், பஞ்சர் கிட், டூல் சேர்த்து 1,000, இரண்டு டியூப் 500. மொத்தம் 8,100 ரூபாய். பலரும் இந்தக் கணக்கைப் போடாமல் முழுப் பணத்தையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

மீதி 17,900 ரூபாய்.

எனக்குப் பிடித்த புது ஹைபிரிட்டின் விலை 24,500. எட்டாது. 17,900-க்குள் புதிதாகக் கிடைத்தது, முன்னால் ஷாக் அப்சார்பரும் தடி டயரும் வைத்த மலைச்சாலை சைக்கிள். பார்க்க கம்பீரம். ஆனால், கனம். மிதிக்கிற சக்தியில் ஒரு பகுதியை அந்த ஷாக்கே வாங்கிக்கொள்கிறது. நெடுஞ்சாலைக்கு அது தேவையே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. `புதுசா, பழசா' என்று ஒரே மாடலை வைத்து ஒப்பிடுவது தவறு. என் கையில் இருக்கும் பணத்துக்கு, எனக்குப் பொருந்தாத புது சைக்கிளா, பொருந்துகிற பழைய சைக்கிளா என்பதுதான் உண்மையான கேள்வி.

கடைசியில், ஒரு ஐ.டி ஊழியர் மூன்று வருடங்கள் ஆபீஸுக்கு ஓட்டிய ஹைபிரிட் சைக்கிள் 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அதே மாடல் புதிதாக 27,000. பில் இருந்தது. அளவு பொருந்தியது. ஃப்ரேமில் பழுதில்லை என்று பெரம்பூர் அண்ணன் சொல்லிவிட்டார். அவர் எழுதிக்கொடுத்த வேலைப் பட்டியல் இது: செயின் 650, பின் பல்சக்கரம் 1,150, இரண்டு டயர் 1,700, கேபிள், பிரேக் கட்டை 600, ஓவராயில் கூலி 900. ஆக 5,000. சைக்கிள் விலையோடு சேர்த்து 16,000.

அண்ணன் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பழைய விலையும் ரிப்பேர் செலவும் சேர்ந்து, அதே மாடலின் புது விலையில் 70 சதவிகிதத்தைத் தாண்டினால், கண்ணை மூடிக்கொண்டு புதியதை வாங்க வேண்டும். எனக்கு வந்தது 60 சதவிகிதத்துக்கும் கொஞ்சம் கீழே.

கையில் 1,900 ரூபாய் மிச்சம். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "பின் வீல் ஸ்போக்ஸ் எல்லாம் பழசு. பெண்டு எடுத்துட்டேன், இப்போதைக்கு ஓடும். ஆனா, லோடு ஏத்திட்டு அவ்வளவு தூரம் போறே. 1,800 ரூபா ஆகும், மொத்தமும் புதுசா கோத்துரலாமா?"

`இப்போதைக்கு ஓடும்' என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. வழிச்செலவுக்கு ஆகும் என்று அந்த 1,900-ஐ பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

துவரங்குறிச்சியில் கேட்ட `டிங்'

முதல் மூன்று நாள்கள் அருமையாகப் போயின. திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, திருச்சி. அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் பாதித் தூரத்தை முடித்துவிடுவேன். சாலையோர இளநீர்க் கடைகளில் `எங்கேருந்து வர்றீங்க?' என்று கேட்டவர்கள், பாதிப் பேர் காசு வாங்க மறுத்தார்கள்.

நான்காவது நாள், திருச்சி தாண்டி மதுரை சாலை. துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து `டிங்' என்று ஒரு சத்தம். சைக்கிள் வாத்து மாதிரி ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்தில் ஒரு ஸ்போக் அறுந்து தொங்கியது. செயின் இருக்கும் பக்கம்.

என் பையில் மூன்று உபரி ஸ்போக்ஸ் இருந்தன. அண்ணன் கொடுத்தனுப்பியது. ஆனால், செயின் பக்கத்து ஸ்போக்கை மாற்ற வேண்டும் என்றால், முதலில் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு ஒரு தனி டூல் வேண்டும். நான் எடுத்துவரவில்லை. வழியில் இருந்த சைக்கிள் கடைப் பெரியவரிடம், கியர் இல்லாத சைக்கிளுக்கான டூல் மட்டுமே இருந்தது. அவர் பக்கத்து ஸ்போக்ஸைத் தளர்த்தி, பின் பிரேக்கை விடுவித்து, வீலை ஓரளவு நேராக்கிக் கொடுத்தார். "மெதுவாப் போங்க தம்பி, பள்ளத்துல இறக்காதீங்க" என்றவர், காசு வாங்கவில்லை.

பத்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை. இரண்டாவது `டிங்'.

சக்கரத்தில் ஸ்போக்ஸ் ஒரு குடும்பம் மாதிரி. ஒன்று போனால் அதன் சுமை பக்கத்தில் இருப்பவற்றின் மேல் விழும். ஏற்கெனவே களைத்தவை அடுத்தடுத்து அறும். சாலையோரம், மதிய வெயிலில், மதுரைக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்க, சைக்கிளைத் தலைகீழாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு `குட்டி யானை' நின்றது. மதுரை வரை 900 ரூபாய். போய்ச் சேர்ந்தபோது கடை மூடிவிட்டார்கள். ஒருநாள் கூடுதல் லாட்ஜ் வாடகை 800. மறுநாள் ஸ்போக்ஸ் மாற்றிப் பெண்டு எடுத்ததற்கு 450.

மொத்தம் 2,150 ரூபாய். மிச்சம் பிடித்ததாக நினைத்த 1,800-ஐவிட 350 அதிகம். பணத்தைவிட, போகி அன்று சேர வேண்டியவன் பொங்கல் அன்றுதான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா பானையை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசு?

என் அனுபவத்திலிருந்து இப்படிச் சொல்லலாம்.

*புதியதை வாங்குங்கள்:* உங்களுக்குப் பட்ஜெட் இருக்கிறது. உயரம் சராசரியிலிருந்து விலகி இருக்கிறது. சைக்கிள் பழுது பற்றி எதுவும் தெரியாது, தெரிந்தவரும் உடன் இல்லை. பயணத்துக்கு முன் ஓட்டிப் பழகக் குறைந்தது ஒரு மாதம் இருக்கிறது.

*பழையதை வாங்குங்கள்:* பட்ஜெட் இறுக்கம். நல்ல மெக்கானிக் ஒருவர் தெரியும். தேடிப்பார்க்கப் பொறுமை இருக்கிறது. இந்த ஆர்வம் நீடிக்குமா என்று உங்களுக்கே சந்தேகம். பாதி விலைக்கு வாங்கிய சைக்கிளைப் பிடிக்கவில்லையென்றால், பெரிய நஷ்டமில்லாமல் திரும்ப விற்றுவிடலாம்.

*இரண்டுமே வேண்டாம்:* வீட்டில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் சும்மா நின்றால், முதலில் அதை ஓவராயில் செய்யுங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளாகக்கூட இருக்கலாம். அதில் சமதளத்தில் 40, 50 கிலோமீட்டர் போய்வாருங்கள். நீண்ட பயணம் உங்களுக்கு ஒத்துவருமா என்று கைக்காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பழையதை வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விற்பவர் சொல்லும் விலை பாதி விலைதான். மீதிப் பாதி, மெக்கானிக் எழுதும் பட்டியலில் இருக்கிறது. அதில் ஒரு வரியைக்கூட அடிக்காமல் செய்து முடிக்க உங்களிடம் பணம் இருந்தால், பழைய சைக்கிள் நல்ல தேர்வு. இல்லையென்றால், இன்னும் இரண்டு மாதங்கள் காத்திருந்து சேமிக்கலாம்.

திரும்பும்போது சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் போட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். முதல் வேலையாகப் பெரம்பூருக்குப் போய், பின் சக்கரத்துக்கு மொத்தமும் புது ஸ்போக்ஸ் கோக்கச் சொன்னேன். அண்ணன் எதுவும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிவைத்தார்.

பொங்கல் அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது நடந்ததைச் சொல்லவில்லையே? அப்பா என்னைப் பார்ப்பதற்கு முன் சைக்கிளைத்தான் பார்த்தார். டயரை அழுத்தினார். பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை குனிந்து பார்த்தார்.

"வீலைப் பாத்து வாங்கச் சொன்னேம்லா?"

பிறகு அவரே அதில் ஏறி, தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய்வந்தார். இறங்கும்போது சொன்னார், "வண்டி நல்லாத்தாம்ல இருக்கு."